உறையின் மௌனமும் மறைந்த கைகளும்

இசைத்தட்டின் உறை கலையாகுமா என்ற வினாவை மேலைநாட்டு விமர்சகர் எவரும் இன்று எழுப்புவதில்லை. அவ்வழக்கு முடிந்துவிட்டது, தீர்ப்பும் உறைக்குச் சார்பாகவே அமைந்தது. ஒரு காலத்திலே வெறும் பொதிதாளென ஒதுக்கப்பட்ட 12 அங்குல மட்டை இன்று அரும்பொருட்காட்சியகங்களின் சுவரிலே தொங்குகின்றது. வடிவமைப்புக் கல்லூரிகளிற் பாடமாகின்றது. இத்தீர்ப்பிற் குறைகாண்பதற்கு எதுவுமில்லை. குறை, தீர்ப்பினைத் தொடர்ந்து எழுந்த வழிபாட்டிலேயே உள்ளது. உறை கலையாயின் அதற்கொரு கலைஞன் வேண்டும். அவன் தனியொருவனாக இருத்தல் வேண்டும். மேதையாகவும் இருத்தல் வேண்டும். ஓவிய வரலாற்றிலே பலகாலும் கண்டிக்கப்பட்ட இப்பழைய எடுகோள், மாற்று றொக் இசையின் உறைகளைப் பற்றிய எழுத்துக்களிலே எவ்வித விசாரணையுமின்றி மீண்டும் குடியேறியுள்ளது. தனிமனித வழிபாட்டை வெறுத்து எழுந்த ஓர் இசை மரபின் உறைகளுக்கே இக்கதி நேர்ந்தமைதான் விந்தை.

1940ஆம் ஆண்டளவில் கொலம்பியா நிறுவனத்துக்காக அலெக்ஸ் ஸ்ரைன்வைஸ் சித்திர உறைகளை வரையத் தொடங்குமுன்னர், இசைத்தட்டுக்கள் பெரும்பாலும் மண்ணிறத் தாளிலேயே பொதியப்பட்டன. படம் ஏறியதும் விற்பனையும் ஏறியது. அன்றுதொட்டு உறை வணிகனின் குரலாயிற்று. பாடகனின் முகம் பெரிதாகவும் பெயர் அதனினும் பெரிதாகவும் அச்சாகின. 1977இல் பங்க் இசைக் கலகத்தின்போது செக்ஸ் பிஸ்ரல்ஸ் குழுவினருக்காக ஜேமி றீட், செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டிய எழுத்துக்களினால் அவ்வழக்கத்தைக் குலைத்தார். அதனை அடுத்து வந்தோர் வேறொரு வழியை மேற்கொண்டனர். கூச்சலுக்கு எதிராக மௌனத்தை நிறுத்தினர்.

அம்மௌனத்தின் தலைசிறந்த எடுத்துக்காட்டாக எல்லோராலும் கொள்ளப்படுவது, மன்செஸ்ரர் நகரின் ஃபக்ரறி நிறுவனம் 1979 ஜூன் மாதத்தில் வெளியிட்ட, ஜோய் டிவிஷன் குழுவினரின் 'அன்னோன் பிளெஷர்ஸ்' என்னும் இசைத்தட்டின் உறையாகும். சொரசொரப்பான கறுப்பு மட்டையின் நடுவே வெண்கோடுகள் சில மலைத்தொடர்போல எழுந்து அமிழ்கின்றன. குழுவின் பெயர் முகப்பில் இல்லை. தட்டின் பெயரும் இல்லை. எவருடைய முகமும் இல்லை. இதனை உருவாக்கியவர் யார் என வினவின் உடனே வரும் விடை 'பீற்றர் சவில்' என்பதே. மன்செஸ்ரர் பொலிரெக்னிக்கில் 1978இல் வடிவமைப்புக் கல்வியை முடித்த இவ்விளைஞர் தம் தனித்த மேதைமையினால் ஒரு யுகத்துக்கே உருவம் கொடுத்தார் என்பது பரவலாக வழங்கும் கதை. கதை கேட்பதற்கு இனிது. உண்மை அதனினும் இனிது. ஆயின் அதிற் பல கைகள் உள்ளன.

அக்கோடுகளின் வரலாறு ஒரு பல்கலைக்கழக மாணவியிடமிருந்து தொடங்குகின்றது. 1967ஆம் ஆண்டிலே கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோஸலின் பெல், கம்பங்களும் கம்பிகளுமாகப் பரந்து கிடந்த வானொலித் தொலைகாட்டியொன்றை நிறுவுவதற்குத் தாமும் சம்மட்டி பிடித்து உழைத்தவர். அக்கருவி நாள்தோறும் வெளியிட்ட ஏறத்தாழ 100 அடி நீளமான பதிவுத்தாளைக் கண்ணால் நோக்கி ஆராய்வதும் அவர் பணியாயிற்று. அத்தாளிலே இனங்காண முடியாத சிறு கிறுக்கல் ஒன்று மீண்டும் மீண்டும் தோன்றுவதை அவர் அவதானித்தார். அதுவே 1.337 செக்கனுக்கு ஒருமுறை தவறாது துடிக்கும், முதன்முதலாகக் கண்டறியப்பட்ட 'பல்சார்' எனும் துடிப்பு விண்மீன். 1968 பெப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த கட்டுரைக்கு ஆசிரியர் ஐவர்; பெல்லின் பெயர் இரண்டாவதாக இருந்தது. 1974ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு அவருடைய மேற்பார்வையாளரான அன்ரனி ஹியூவிஷுக்கும் மாட்டின் றைலுக்கும் வழங்கப்பட்டது. பெல்லுக்கு வழங்கப்படவில்லை.

அடுத்த கை ஹரோல்ட் கிராஃப்ற் என்பவருடையது. கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த அவர், புவேட்டோ றிக்கோவிலுள்ள அறெசிபோ வானொலித் தொலைகாட்டியின் துணைகொண்டு பல்சார்களை ஆராய்ந்து 1970இற் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டினைச் சமர்ப்பித்தார். அடுத்தடுத்து வரும் துடிப்புக்களிடையே ஏதேனும் ஒழுங்கு உண்டா என்பதை அறிய அவர் விரும்பினார். ஆகவே துடிப்புக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையக் கணனியைப் பணித்தார். கோடுகள் ஒன்றையொன்று வெட்டி நோக்குதற்கு இடையூறாகவே, பின்னிற்கும் கோடு முன்னெழும் முகட்டினால் மறைக்கப்படுமாறு நிரல் எழுதினார். ஈண்டு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. இவ்வுறையினைப் புகழ்வோர் மிகுதியாக வியப்பது அக்கோடுகள் தரும் மலைத்தொடர்த் தோற்றத்தையே. முன்னும் பின்னும் என்ற ஆழவுணர்வு அதில் எவ்வாறு பிறந்தது? கோடுகள் மறைய வேண்டிய இடத்தில் மறைவதனாற் பிறந்தது. அந்த முடிவினை எடுத்தவர் இசைத்தட்டு உறை எதனையும் கனவிலும் நினையாத ஓர் ஆய்வு மாணவர். அழகியல் முடிவு ஒன்றை அறிவியல் தேவை ஈன்ற அரிய தருணம் அது. அதனைக் கலைமேதைமையின் கணக்கில் வரவு வைப்பது வெறும் தவறன்று. அறிவியலாளனின் கைக்குக் கற்பனை கிடையாது என்ற மேட்டிமை எண்ணத்தின் வெளிப்பாடுமாகும்.

மூன்றாவது கைக்குப் பெயரே இல்லை. கணனி ஈந்த கோடுகள் அச்சேறத்தக்கவாறு கருமையாக இருக்கவில்லை. கோர்ணெலின் விண்வெளி அறிவியற் கட்டடத்திற் பணிபுரிந்த, படவரைஞரான ஒரு பெண், கோடுகள் அனைத்தையும் இந்திய மையினால் ஒவ்வொன்றாக மேல்வரைந்து கொடுத்தார் எனக் கிராஃப்ற் பின்னாளிற் கூறியுள்ளார். உலகெங்கும் இன்று பிரதிசெய்யப்படும் கோடுகளின் மூலம் அப்பெண்ணின் பேனாவோட்டமே. அவர் இன்னார் என்பதை எந்த உறை வரலாறும் கூறுவதில்லை.

'சயன்ரிஃபிக் அமெரிக்கன்' இதழின் 1971 ஜனவரி வெளியீட்டில் இடம்பெற்ற அப்படம், 1977இல் 'கேம்பிறிட்ஜ் வானியற் கலைக்களஞ்சியம்' என்னும் நூலிலும் இடம்பெற்றது. அந்நூலிற் படத்தைக் கண்டு தெரிந்தெடுத்தவர்கள் ஜோய் டிவிஷன் குழுவினரே. கண்டவர் பேனாட் சம்னர் என்பர். வேறு கூறுவாரும் உளர். படம் சவிலின் கைக்கு எட்டியபோது அது முழுமை பெற்றிருந்தது. அவர் செய்தவை சில: வெள்ளையிற் கறுப்பாக இருந்ததைக் கறுப்பில் வெள்ளையாக மாற்றினார், பரந்த வெளியின் நடுவே அதனைச் சிறிதாக நிறுத்தினார், எழுத்துக்களை முகப்பிலிருந்து அகற்றினார். இவை சிறு செயல்களல்ல. எதனை விடவேண்டும் என்பதை அறிதல் வடிவமைப்பிற் பாதியாகும். ஆயினும் பாதியை முழுமையெனக் கூறுதல் பொய்யேயாகும். நேர்மையுடன் ஒன்றைச் சொல்லவேண்டும்: படம் குழுவினராற் கொண்டுவரப்பட்டது என்பதைச் சவில் ஒருபொழுதும் மறைத்தவரல்லர்; பல பேட்டிகளிலே அதனைத் தாமே கூறியுள்ளார். மறைத்தவர்கள் அவரைப் போற்றுவோரே. மூலத்தைத் தேடிச்செல்லும் சிரமத்தை 'சயன்ரிஃபிக் அமெரிக்கன்' இதழின் ஜென் கிறிஸ்ரியன்சன் மேற்கொண்டு, கிராஃப்ற்றுடன் உரையாடி வெளியிட்டது 2015ஆம் ஆண்டிலேதான். உறை வெளிவந்து முப்பத்தாறு ஆண்டுகள் அதற்கிடையிற் கழிந்துவிட்டன. அந்த முப்பத்தாறு ஆண்டுகளில் வெளிவந்த புகழ்மாலைகளின் அளவை நோக்கினால், ஓர் ஆய்வேட்டின் பக்கத்தைத் தேடுவதற்கு அவர்களுக்கு நேரம் கிடையாமற் போனது வியப்பே.

கலையில் இரவல் பெறுதல் இயல்பு, மூலத்தைத் துருவுதல் காவற்காரன் வேலை என்று இதற்கு மறுமொழி கூறப்படும். முதற்பகுதியை மறுப்பார் எவருமில்லை. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என வகுத்த தமிழ் மரபிலே இரவல் இழிவெனக் கொள்ளப்பட்டதில்லை. ஆனால் அதே மரபிலே சிறப்புப் பாயிரம் ஆக்கியோன் பெயரோடு நின்றுவிடாது நூல் வந்த வழியினையும் கூறவேண்டுமென நன்னூலார் விதித்தார். வழியைக் கூறுவதால் வழிநூல் செய்தோன் சிறுமையடைவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். மேதை வழிபாட்டினர் அறியாதது அதுவே.

வழி மறையும்போது பெயர் மட்டும் மறைவதில்லை, வரலாறும் மறைகின்றது. ஜோய் டிவிஷனின் பாடகர் இயன் கேட்டிஸ் 1980 மே மாதத்தில் உயிர்நீத்தபின் எஞ்சியோர் நியூ ஓடர் என்ற பெயரில் இயங்கினர். 1981இல் வெளிவந்த அவர்களின் 'மூவ்மென்ற்' தட்டின் உறை, இத்தாலிய எதிர்காலவாதக் கலைஞர் ஃபோர்ச்சுனாற்றோ டெப்பேறோவின் வடிவமொன்றைத் தழுவியது. எதிர்காலவாதம் முசோலினியின் ஆட்சியோடு கைகோத்த இயக்கம் என்பது கலை வரலாறு பயின்றோர் அறிந்ததே. இக்குழுவினரோ தம் பெயர்களினாலும், ஹிட்லரின் இளைஞர் படையைச் சேர்ந்த முரசு கொட்டும் சிறுவனை முகப்பிற் கொண்ட தமது 1978ஆம் ஆண்டுக் குறுந்தட்டினாலும் ஏற்கெனவே கண்டனத்துக்கு உள்ளாகியிருந்தவர்கள். அவர்கள் பாசிசவாதிகளல்லர், அக்குற்றச்சாட்டு நிற்காது. ஆனால் டெப்பேறோவின் எழுத்துக்களும் கோடுகளும் எந்த மண்ணில், எந்தக் கொடியின் கீழ் விளைந்தன என்பதை அறியாமல், 'நவீனம்', 'தூய்மை', 'குளிர்ந்த அழகு' என்று மட்டும் அவ்வுறையைப் பாராட்டும் விமர்சனம் உருவத்தை உள்ளடக்கத்திலிருந்து உரித்தெடுத்து விற்கும் விமர்சனமாகும். தூய அழகியல்வாதிகள் இதைக் கொச்சைச் சமூகவியல் என இகழலாம். வழியை வினவுவது சமூகவியலுக்கு முன்னரே எழும் வினா. கல்விக்கே அது முதற்படி.

இனி மற்றொரு மறுப்பு உண்டு, அது வலியது. பெயரின்மையே இம்மரபின் கொள்கையன்றோ, அதனுட் பெயர்ப்பட்டியலைப் புகுத்துவது அதன் உயிரைக் கெடுப்பதாகாதோ என்பது. இதற்குப் பாணி பபிள்ஸ் என்ற புனைபெயரால் அறியப்பட்ட கொலின் ஃபுல்ச்சரின் வாழ்வைச் சான்று காட்டுவர். ஸ்ரிஃப் நிறுவனத்துக்கும் பிறர்க்குமாக அவர் ஆக்கிய உறைகள் பலவற்றில் அவர் பெயர் இல்லை. அவரே பெயர் பொறிக்க மறுத்தார். 1983 நவம்பரில் அவர் இறந்தபோது அவரது ஆக்கங்களின் பரப்பை அறிந்தோர் மிகச் சிலரே. இச்சான்று மறுப்போருக்கே எதிரானது. பபிள்ஸ் துறந்தது தமது பெயரை. தமது பெயரைத் துறப்பவன் துறவி. பிறர் பெயரைத் துறப்பவனைத் துறவி என்று கூறும் வழக்கம் எந்நாட்டிலும் இல்லை. கோர்ணெலின் படவரைஞர் பெயரைத் துறக்கவில்லை. அவரிடம் எவரும் கேட்கவில்லை.

பெயரின்மை ஒரு கொள்கையாக இருந்த இடத்தில் உறை எவ்வாறு அமைந்தது என்பதற்கு வேறு சான்றுகள் உள. கிறாஸ் குழுவினர் தம் உறைகளில், இன்ன விலைக்கு மேல் கொடுக்கவேண்டாம் என வாங்குவோருக்கு அச்சிட்டே அறிவித்தனர். அவர்களுடன் உழைத்த ஜீ வோஷரின் கறுப்பு வெள்ளைச் சித்திரங்கள், மடிப்பை விரித்தாற் சுவரொட்டியாகும் தாள்களிலே வெளிவந்தன. உறையை வாங்கியவன் அதனைப் பேணிவைப்பதா, சுவரில் ஒட்டுவதா எனத் தெரிய வேண்டியவனானான்.

இவை எல்லாவற்றினும் மேலானது இலண்டனில் இயங்கிய ஸ்கிறிற்றி பொலிற்றி என்ற இளைஞர் குழு 1978இல் தாமே வெளியிட்ட 'ஸ்காங்க் புளொக் பொலோஞா' என்னும் சிறு தட்டின் உறை. அதனை உறையென்று கூறுவதற்கும் சிலர் தயங்குவர். பிரதிசெய்த தாளைக் கையால் மடித்து ஆக்கியது அது. அழகுக்கலை நூல்கள் அதற்கு ஒரு வரிக்கு மேல் ஒதுக்குவது அரிது. ஆனால் அதன்மீது அச்சிடப்பட்டிருந்தவை எவை? ஒலிப்பதிவுக்கு ஆன செலவு எவ்வளவு, மூலத்தட்டு வெட்டுவதற்கு எவ்வளவு, தட்டுக்களை அழுத்துவதற்கு எவ்வளவு, வட்டச் சீட்டுக்களை அச்சிடுவதற்கு எவ்வளவு, இவற்றை எங்கே செய்விக்கலாம் என்ற விபரம். நான்கு சுவருக்குள் நிகழ்ந்த உற்பத்தி முழுவதையும் உறை வெளியே கொணர்ந்து வைத்தது. இசைத்தட்டு வானத்திலிருந்து வீழ்ந்த பண்டமன்று, இன்னின்ன கைகளால் இன்னின்ன பணத்துக்கு ஆக்கப்பட்ட பொருள், படிப்பவனும் இதனை ஆக்கலாம் என்பதே அதன் சேதி. ஃபக்ரறியின் மௌனம் நோக்குவோனை வியக்கச்செய்தது. ஸ்கிறிற்றி பொலிற்றியின் கணக்கு அவனைச் செயலுக்கு அழைத்தது. வடிவமைப்பு வரலாறு முன்னதற்கு அரியணையும் பின்னதற்கு அடிக்குறிப்பும் அளித்துள்ளமை அவ்வரலாற்றை எழுதுவோரின் சார்பினைத் தெளிவாகக் காட்டுகின்றது.

ஃபக்ரறியிலும் கைகள் இல்லாமலில்லை. 1980இல் அந்நிறுவனம் வெளியிட்ட டுறுற்றி கொலம் குழுவின் முதல் நெடுந்தட்டுக்கு உப்புத்தாளினால் உறை அமைத்தனர். அதைத் தொடும் தட்டுக்களையெல்லாம் அது கீறும். அவ்வுறைகளைக் கூலிக்கு ஒட்டியவர்கள் ஜோய் டிவிஷன் குழுவினரே. அக்கருத்தும் கீ டெபோரும் அஸ்கர் யோர்ணும் 1959இல் உப்புத்தாள் அட்டையுடன் வெளியிட்ட நூலிலிருந்து பெறப்பட்டது. 1983இல் நியூ ஓடரின் 'புளூ மண்டே' கணனித் தகட்டின் உருவில், துளைகள் வெட்டப்பெற்ற உறையுடன் வந்தது; குழுவின் பெயரும் பாடலின் பெயரும் நிறக்கட்டங்களாக மறைபொருளில் எழுதப்பட்டிருந்தன. அதனை வாசிக்க உதவும் நிறச்சக்கரம் அதே ஆண்டின் 'பவர், கொறப்ஷன் அன்ட் லைஸ்' தட்டின் பின்புறத்தில் இருந்தது. அவ்வுறையின் செலவினால் விற்ற ஒவ்வொரு பிரதியிலும் நிறுவனம் நட்டப்பட்டது என்றொரு கதை உண்டு. நட்டத்தின் தொகை சொல்வோருக்கேற்ப மாறும். கதை மெய்யோ பொய்யோ, அதனைப் பெருமையாகக் கூறுவோர் ஒன்றை மறக்கின்றனர்: 1992இல் ஃபக்ரறி வங்குரோத்தடைந்தபோது அந்தப் பெருமையினாற் கடன்காரர் எவருக்கும் ஒரு பென்னியும் கிடைத்திருக்காது.

மேலே கூறிய 'பவர், கொறப்ஷன் அன்ட் லைஸ்' தட்டின் முகப்பிலே இருப்பது பிரெஞ்சு ஓவியர் ஹென்றி ஃபன்ரான் லத்தூர் 1890இல் தீட்டிய ரோசாக்கூடை ஓவியம். இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள அதன் அஞ்சலட்டையைச் சவில் வாங்க, உடன் வந்த இசைக்கலைஞர் மார்த்தா லாட்லி இதனையா உறையாக்கப் போகின்றாய் என விளையாட்டாகக் கேட்டார் என்பது வழங்கும் செய்தி. விளையாட்டு மெய்யாயிற்று. 2010இல் பிரித்தானிய அஞ்சல் திணைக்களம் சிறந்த இசைத்தட்டு உறைகளை முத்திரைகளாக வெளியிட்டபோது அவ்வுறையும் ஒன்றாகத் தெரியப்பட்டது. ஓர் ஓவியன் நூற்றிருபது ஆண்டுகளின்பின் அஞ்சல் முத்திரையேறினான், பிறிதொருவரின் ஆக்கத்தின் உறுப்பாக! இறந்த ஓவியனுக்கு அதனால் இழப்பில்லை. அவன் பெயர் ஓவியக்கூடத்தின் சுவரில் நிலைத்துள்ளது. இழப்பு, சுவர் இல்லாதவர்களுக்கே.

சந்தையோ இவ்விவாதத்துக்காகக் காத்திருக்கவில்லை. பெயர் இல்லாத உருவம் எவருக்கும் உரியதாகத் தோன்றும். எவருக்கும் உரியதாகத் தோன்றுவதை எவரும் விற்கலாம். பல்சாரின் கோடுகள் ரீ சேட்டுக்களிலும் சப்பாத்துக்களிலும் குவளைகளிலும் ஏறின. அவற்றை அணிவோரிற் பலர் அத்தட்டினைக் கேட்டதில்லை. 2012 ஜனவரியில் வோல்ட் டிஸ்னி நிறுவனம் அதே கோடுகளை மிக்கி மவுசின் தலை வடிவில் வளைத்து ரீ சேட்டாக விற்பனைக்கு வைத்தது. எதிர்ப்பு எழவே சில நாள்களுள் மீட்டுக்கொண்டது. அன்று கொதித்தெழுந்த இரசிகர்கள் ஜோய் டிவிஷனின் உடைமை களவாடப்பட்டதாகவே முறையிட்டனர். அது அவர்களின் உடைமையானது எவ்வாறு என்பதை எவரும் வினவவில்லை. முகத்தை விற்க மறுத்த உறை, முகத்தினும் எளிதாக விற்கப்படும் இலச்சினையாயிற்று. விண்மீனைக் கண்டவரும், அடுக்கியவரும், மையிட்டவரும் அந்த உறையிலேயே குறிக்கப்பட்டிருந்தால் டிஸ்னியின் வடிவமைப்பாளன் தடுக்கப்பட்டிருப்பான் எனக் கூறவியலாது. ஆனால் அவன் எடுத்தது எவருடைய உழைப்பை என்பதை அவனும் அறிந்திருப்பான், வாங்குவோரும் அறிந்திருப்பர்.

2018இல் ஜோஸலின் பெல்லுக்கு முப்பது இலட்சம் டொலர் பெறுமதியான சிறப்புப் பரிசொன்று வழங்கப்பட்டது. அத்தொகை முழுவதையும், வாய்ப்புக் குன்றிய பிரிவினரைச் சேர்ந்த பௌதிகவியல் ஆய்வு மாணவரின் புலமைப்பரிசில்களுக்காக அவர் கொடுத்துவிட்டார். அறெசிபோவின் தொலைகாட்டி 2020 டிசம்பரில் இடிந்து வீழ்ந்தது. அவற்றுக்கிடையே 2019இல், 'அன்னோன் பிளெஷர்ஸ்' வெளிவந்து நாற்பது ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு அதன் சிறப்புப் பதிப்பொன்று வெளியிடப்பட்டது. தட்டுச் சிவப்பு நிறம். உறை இம்முறை வெள்ளை, கோடுகள் கறுப்பு. புதுமையான மாற்றமெனச் சேகரிப்போர் அதனை விரும்பி வாங்கினர். 1970இல் கிராஃப்ற்றின் ஆய்வேட்டிலும் அக்கோடுகள் வெள்ளைத்தாளிற் கறுப்பு மையாகவே இருந்தன.